ஊதாக் கோட்டுக்குப் பின்னால் இருந்த நிலம்

நம் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவத்தில் ஒன்றை எழுதித் தரச் சொன்னவர், கொஞ்சம் அடக்கமாக எழுதினால் நன்றாக இருக்கும் என்றும் சொன்னார். அடக்கம் எனக்கு வராது. வராததை இந்த வயதில் பழகவும் போவதில்லை. பாலம் கட்டிய பொறியாளருக்குக் கல்வெட்டு உண்டு. பள்ளிக்கூடம் திறந்து வைத்த அமைச்சருக்கு அதைவிடப் பெரிய கல்வெட்டு உண்டு. நகரமைப்பில் இருக்கிற நமக்கு ஒன்றும் கிடையாது. நாம் போட்ட கோட்டின் மேல் ஊர் வந்து குடியேறிவிடும். அங்கே கோடு என்று ஒன்று இருந்ததே யாருக்கும் தெரியாது. ஆகவே நம் பெருமையை நாமேதான் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நான் வில்லாபுரத்துக்காரி. பல ஊர்களில் வேலை பார்த்துவிட்டு, ஓய்வு பெறச் சில ஆண்டுகள் இருக்கும்போது மறுபடி மதுரைக்கே மாற்றலாகி வந்தேன். வந்து உட்கார்ந்த மேசையில், வெளியிடப்பட்ட ஒரு வரைவு வரைபடம் விரித்துக் கிடந்தது. மதுரைக்குள் மொத்த வியாபாரக் கடைகளின் சரக்கெல்லாம் கோயிலைச் சுற்றிய சந்துகளுக்குள் அடைந்து கிடப்பதும், லாரி உள்ளே வர முடியாமல் தவிப்பதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இனி கிட்டங்கி என்கிற சரக்குக் கிடங்குகளுக்கும் சரக்கு மையங்களுக்கும் ஊருக்கு வெளியே நிலம் ஒதுக்க வேண்டும் என்று மேலே முடிவாகியிருந்தது. அதற்காக நகரத்துக்குத் தெற்கே, கப்பலூர் தொழிற்பேட்டையைத் தாண்டி, நான்குவழிச் சாலையோரமாக நீளமாக ஊதா வண்ணம் அடித்து வைத்திருந்தார்கள்.

வண்ணம் என்றால் என்ன என்று உங்களில் இன்னும் களத்துக்குப் போகாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு நிலம் ஊதாவுக்குள் விழுந்தால் அதில் கிட்டங்கி கட்ட அனுமதி உண்டு. பச்சைக்குள் விழுந்தால் அது விவசாய நிலம், அங்கே ஒரு தகரக் கொட்டகைகூடப் போட முடியாது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு பென்சில் முனை. அந்தப் பென்சில் நம் கையில் இருக்கிறது. அதை நினைத்துக் கை நடுங்காதவர்கள் வேறு துறைக்குப் போய்விடலாம்.

அந்த ஊதாப் பட்டையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நம் துறையின் பழைய வரைபடங்களை எடுத்துப் பாருங்கள். சாலையோரத்தில் வண்ணம் அடித்த பட்டை எந்த ஊரிலும் ஏறக்குறைய ஒரே ஆழத்தில்தான் இருக்கும். எந்த விதியிலும் அப்படி ஓர் அளவு கிடையாது. ஜீப்பில் உட்கார்ந்தபடியே அதிகாரியின் கண் எட்டுகிற தூரம் அது. மதுரை வெயிலில் ஜீப்பை விட்டு இறங்க யாருக்கு மனசு வரும்? முதல் நிலம் தெரியும், அதன் கடைசி வரப்பில் நிற்கிற பனைமரம் தெரியும், அதோடு ஊதா முடிந்துவிடும். பனைமரத்துக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்பது கோப்பில் வராது.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் அப்படிப்பட்டவர் அல்ல. அவர் பெயரைச் சொல்லவில்லை. நாங்கள் எல்லாரும் அவரைப் பெரிய சார் என்போம். வரைபடத்தில் சந்தேகம் வந்தால் பேசிக்கொண்டிருக்க மாட்டார், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவரோடு நடந்து நடந்துதான் எனக்கு நிலம் பிடிபட்டது. ஆனால் அவரிடம் இன்னொரு பாடமும் உண்டு. முன்வரிசைக்காரனைப் பகைத்துக்கொண்டு எந்தத் திட்டமும் நிறைவேறாது என்பார். சாலையை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்கள் எப்போதும் கையில் போனும், போனுக்கு அந்தப் பக்கம் ஆளும் உள்ளவர்கள். அவர்களுக்கு வேண்டியதை முதலில் கொடுத்துவிடு, மிச்சத்தில் உன் நியாயத்தைப் பார்த்துக்கொள் என்பது அவர் கணக்கு. நானும் பல ஊர்களில் அந்தக் கணக்கை வைத்துத்தான் காலம் தள்ளினேன், அது பலித்தும் இருக்கிறது.

வரைவைப் பார்த்த மறுவாரம் நான் ஜீப்பை விட்டு இறங்கினேன். முன்வரிசை நிலங்கள் இரண்டு மூன்று குடும்பங்களுக்குச் சொந்தம், பரம்பரைச் சொத்து. அவற்றுக்கு நடுவே ஒரு வண்டிப்பாதை பின்னால் போயிற்று. அதில் நடந்து பனைமரத்தைத் தாண்டினால் கரிசல் காடு விரிந்தது. பருத்தியும் மக்காச்சோளமுமாக மானாவாரி நிலம், துண்டு துண்டாக. எல்லாம் அருகிலிருந்த காலனிக் குடும்பங்களுடையது. அவர்களின் அப்பா, அம்மா காலத்தில் அவர்களுக்கு ஒரு சாண் நிலமும் கிடையாது. முன்வரிசைக்காரர்களின் வயலில்தான் கூலி வேலை. அடுத்த தலைமுறை செங்கல் சூளைக்குப் போனது, திருப்பூருக்குப் போனது, சிலர் பட்டாளத்துக்கும் போனார்கள். அந்தச் சம்பாத்தியத்தில் துண்டு துண்டாக வாங்கிய பட்டா நிலம் அது. வரைவில் அது பச்சை.

பருத்திக்குள் நின்றிருந்த ஒரு பெண் என்னைப் பார்த்ததும் வேலையை விட்டுவிட்டு நேராக வந்தார். பெயர் பேச்சியம்மாள். ஐம்பதை நெருங்கிய வயது. வாரத்தில் பாதி நாள் கப்பலூரில் ஒரு கிட்டங்கியில் பெட்டி அடுக்கும் வேலை, மீதி நாள் சொந்தக் காட்டில். மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஜீப்பை இதற்கு முன்னும் பார்த்திருக்கிறாராம், ஆனால் அதிலிருந்து யாரும் இறங்கிப் பார்த்ததில்லை என்றார். கோடு விஷயமாகத்தான் வந்திருக்கிறேன் என்றதும் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"எங்க நெலம் கோட்டுக்கு வெளியவாமே. புரோக்கர் வீடு வீடா வந்து சொல்லிட்டுப் போறான். முன்னாடி கிட்டங்கி வந்தா செவரு எழுப்பிருவாக, பின்னாடி போகப் பாதை இருக்காது, அதுக்கு முந்தியே கெடைச்ச வெலைக்குக் குடுத்துருங்கன்னு. காலனியில பாதிப் பேரு தலையாட்டிட்டாக. நீங்க சொல்லுங்கம்மா. விக்கவா, வேணாமா?"

புரோக்கரை அனுப்பியது யார் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. பச்சையாக இருக்கும்போதே பின் நிலத்தை வளைத்துப் போட்டுவிட்டு, பிறகு ஊதாவை இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ள ஆள் பிடிக்கலாம். முன்வரிசைக்காரர்கள் நிலத்தை மட்டுமல்ல, நம் அலுவலகத்தையும் நன்றாக அறிந்தவர்கள்.

இப்போது நீங்கள் என் இடத்தில் நின்று பாருங்கள். விற்காதீர்கள் என்று சொன்னால், நாளைக்குக் கோடு மாறாமல் போனால் அந்தக் குடும்பங்கள் என்னால் கெட்டுப்போகும். விற்றுவிடுங்கள் என்று சொன்னால் இன்றைக்கே கெட்டுப்போகும். எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிடலாம், நம்மில் பலர் அதைத்தான் செய்கிறார்கள். அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சட்டென்று கோபம் வந்தது, அவர் மேல் அல்ல, பென்சிலை ஜீப்புக்குள்ளிருந்தே ஓட்டியவர்கள் மேல். கோபம் வந்தால் எனக்குப் புத்தி தெளிவாக வேலை செய்யும்.

"வித்துருங்கன்னும் சொல்ல மாட்டேன், வச்சுக்கங்கன்னும் சொல்ல மாட்டேன். அது என் வேலை இல்லை" என்றேன். "சட்டத்துல இருக்கிறதை மட்டும் சொல்றேன். இப்ப போட்டிருக்கிறது வரைவுக் கோடு. மனுக் குடுக்கிறதுக்குக் கெடு இருக்கு. அது முடிஞ்சு விசாரிக்கிற வரைக்கும் அந்தக் கோடு யாருக்கும் முடிவு கிடையாது. நீங்க எழுதிக் குடுத்தா நாங்க கேட்டே ஆகணும்."

"எதுத்துத்தான் எழுதணுமா? எங்களுக்கும் வேணும்னு எழுதலாமா?"

தாராளமாக எழுதலாம் என்றேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. ஓர் அதிகாரி குடிமகனுக்குச் சட்டத்தை முழுசாகச் சொல்லிவிட்டாலே போதும், அதில் பாதி நியாயம் நடந்துவிடுகிறது. வாக்குக் கொடுக்காதீர்கள். ஆனால் வாயை மூடிக்கொண்டும் வராதீர்கள்.

மனுக்கள் வந்தன. காலனியிலிருந்து வந்தவை என்றதுமே எங்கள் அலுவலகத்தில் அவற்றைக் கிட்டங்கிக்கு எதிர்ப்பு என்று தலைப்பிட்டுக் கட்டி வைத்துவிட்டார்கள். படித்துப் பார்க்கவில்லை. விவசாயி என்றால் எதிர்ப்பான் என்று நம்மவர்களுக்கு அப்படி ஒரு நினைப்பு. நான் படித்துவிட்டு மேலதிகாரியிடம் போய், இவர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை, தங்கள் நிலத்தையும் சேர்க்கச் சொல்கிறார்கள் என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. யாரோ தூண்டிவிடுகிறார்கள் என்றார். அவர் கெட்டவர் அல்ல, அவசரத்தில் இருந்தவர். கிட்டங்கி கட்ட வரும் கம்பெனிகள் காத்திருக்கின்றன, திட்டம் தாமதமானால் வேறு மாவட்டத்துக்குப் போய்விடுவார்கள், கோட்டைத் தொடாமல் முடித்துக் கொடுங்கள் என்றார். பின் நிலத்தைப் பச்சையாகவே விட்டால் விவசாயத்தைக் காப்பாற்றினோம் என்ற நல்ல பேரும் கிடைக்கும் என்றார். விசாரணை நாளுக்குப் போலீஸ் பாதுகாப்பும் கேட்டிருந்தார்.

விசாரணை ஒன்றிய அலுவலகக் கூட்ட அரங்கில் நடந்தது. முன்வரிசை நாற்காலிகளில் முன்வரிசைக்காரர்களே உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் காலனி முழுக்க நின்றது. சுவரோரம் போலீஸ்காரர்கள் இரண்டு பேர் எப்போது கோஷம் கிளம்பும் என்று காத்துக்கொண்டிருந்தார்கள். நான் விசாரணை அதிகாரியாக மேடைக்கு வந்தபோது முதலில் கண்ணில் பட்டவர் பெரிய சார். முன்வரிசை நிலக்காரர் ஒருவருக்குப் பக்கத்தில், மடியில் வரைபடச் சுருளோடு இருந்தார். ஓய்வுக்குப் பிறகு ஆலோசகராக இருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். எதிர்ப்பக்கத்தில் வந்து உட்காருவார் என்று நினைத்ததில்லை. என்னைப் பார்த்து எப்போதும் போலத் தலையசைத்தார்.

பெரிய சாருக்குப் பக்கத்தில் இருந்த முன்வரிசைக்காரர் முதலில் பேசினார். வரைவு அருமையாக இருக்கிறது, ஒரு கோட்டையும் மாற்றக் கூடாது, பின்னால் இருப்பது விவசாய பூமி, ஊருக்குச் சோறு போடுகிற மண், அதைக் கிட்டங்கியாக்க விடக் கூடாது என்று உருக்கமாகப் பேசினார். அவருடைய நிலமும் அதே கரிசல்தான், அதே பருத்திதான். அதை யாரும் கேட்கவில்லை.

பிறகு பேச்சியம்மாள் எழுந்தார். அரங்கில் பேசிப் பழக்கமில்லாதவர் என்று நினைத்தேன். என் நினைப்பு தப்பு.

"எங்கய்யா இவுக வயல்ல கூலி வேலை பாத்தாரு. நாங்க சூளையில கெடந்து, சித்தாள் வேலை பாத்து, பின்னாடி இருக்கிற காட்டை வாங்குனோம். வாங்கயில ஒருத்தரும் வந்து, இது விவசாய பூமி, காப்பாத்தணும்னு சொல்லல. இன்னைக்கு அதுக்கு ஒரு மதிப்பு வரப்போகுதுன்னதும் காப்பாத்த வாரீக. எங்களைக் காப்பாத்த வேணாம். சேத்துக்கங்க."

போலீஸ்காரர்களில் ஒருவர் மற்றவரைப் பார்த்தார். மேடையில் என் பக்கத்திலிருந்த ஒரு குழு உறுப்பினர் பரிவோடுதான் கேட்டார்: மதிப்பு ஏறியதும் விற்றுச் செலவழித்துவிட்டால் பிறகு என்ன செய்வீர்கள் என்று. பேச்சியம்மாள் முன்வரிசை நாற்காலிகளைக் காட்டி, "இதை அவுககிட்டக் கேட்டீகளா?" என்றார்.

பெரிய சார் எழுந்தது அப்போதுதான். அவர் குரலை உயர்த்தமாட்டார், உயர்த்தவும் தேவையில்லை.

"கோரிக்கை நியாயம்தான், நான் மறுக்கல" என்றார். "ஆனா கிட்டங்கிக்கு விதிப்படி அகலமான பாதை வேணும். அங்க இருக்கிறது ஒரு வண்டிப்பாதை. ரெண்டு பக்கமும் எங்க கட்சிக்காரங்க நெலம். அவங்க விட மாட்டாங்க. பாதை இல்லாத நெலத்துக்கு ஊதா அடிச்சா அது வெறும் கலருதான், அனுமதி கெடைக்காது. அம்மாவுக்குத் தெரியாததா?"

தெரியும். அவர்தானே சொல்லிக்கொடுத்தார். முந்தின நாள் முழுக்க நான் முட்டி மோதிக்கொண்டிருந்த இடத்தில் சரியாக விரலை வைத்துவிட்டார். நான் காலனி நிலத்தை ஊதாவுக்குள் சேர்த்துப் பேர் வாங்கிவிட்டுப் போயிருக்கலாம். பிறகு ஒவ்வோர் அனுமதி மனுவும் பாதை இல்லை என்று திரும்பி வரும், அப்போது புரோக்கர் மறுபடி வீடு வீடாகப் போவான், இன்னும் குறைந்த விலைக்கு. பேச்சியம்மாள் அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டம் தொடரும் என்று அறிவித்துவிட்டு எழுந்தேன்.

நான் சாப்பிடப் போகவில்லை. அலுவலக வாசலுக்கு வந்து நெடுஞ்சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எதிரே ஒரு பழைய கிட்டங்கி, வாசல் நேராக நெடுஞ்சாலையில். ஒரு நீள டிரெய்லர் அதற்குள் திரும்பப் பார்த்தது. ஒரே மூச்சில் திரும்ப முடியவில்லை. முன்னால் வந்தது, பின்னால் போனது, மறுபடி முன்னால் வந்தது. இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றுவிட்டன. உள்ளே இடமில்லாமல் இன்னும் இரண்டு லாரிகள் சாலையோரமே நின்றன. அவற்றுக்கும் டிரெய்லருக்கும் நடுவில் ஒருவர் பள்ளிக்கூடப் பிள்ளையை முன்னால் உட்காரவைத்து ஸ்கூட்டரை நுழைத்துக்கொண்டு போனார்.

நாம் வரைந்து வைத்திருக்கிற ஊதா, இதே வாசலை வரிசையாகச் சாலை நெடுகத் திறந்துவிடப் போகிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பின் நிலத்துக்குப் பாதை இல்லை என்பதையே எல்லாரும் பேசிக்கொண்டிருந்தோம். உண்மையில் முன் நிலத்துக்கும் பாதை இல்லை. அது நெடுஞ்சாலையைத் தன் முற்றமாக நினைத்துக்கொண்டிருக்கிறது, நாமும் சரி என்று ஒப்புக்கொண்டுவிட்டோம்.

மதியம் கூட்டம் தொடங்கியதும் நான் நேராகச் சொன்னேன். இந்தப் பகுதியில் எந்தக் கிட்டங்கிக்கும் நெடுஞ்சாலையில் வாசல் வைக்க அனுமதி கிடையாது என்று திட்டத்தில் நிபந்தனை சேர்க்கப் பரிந்துரைக்கிறேன். முன் நிலமோ பின் நிலமோ, எல்லா வாசலும் உள்ளே போகிற சாலையில்தான் இருக்க வேண்டும். அந்தச் சாலை இப்போதிருக்கும் வண்டிப்பாதைதான். அதை இருபுறமும் அகலப்படுத்தி, லாரிகள் நிற்கவும் திரும்பவும் இடம் விட்டு, காலனி நிலத்தின் கடைசி வரை கொண்டுபோக வேண்டும். அதற்கான நிலத்தை முன்னால் இருப்பவர்களும் விட வேண்டும், பின்னால் இருப்பவர்களும் விட வேண்டும். சாலை எதுவரை போகிறதோ அதுவரை ஊதா போகும்.

காலனிக்காரர்களைப் பார்த்து, உங்கள் பங்கை விடுவீர்களா என்று கேட்டேன். அவர்களுக்குள் ஒரு முணுமுணுப்பு ஓடியது. எல்லாம் சிறு துண்டுகள், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் போகும். பேச்சியம்மாள் திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு விடுகிறோம் என்றார்.

முன்வரிசைக்காரர் எழுந்து கத்தினார். என் நிலத்தில் ஒரு அடி விட மாட்டேன், சாலையை ஒட்டி நிலம் வைத்திருக்கிறவன் எதற்குச் சந்துக்குள் வாசல் வைக்க வேண்டும், யாரிடம் பேச வேண்டுமோ பேசிக்கொள்கிறேன் என்றார்.

"விருப்பமில்லைன்னா ஒண்ணும் கட்டாயமில்லை" என்றேன். "முன்னாடி நிலத்தையும் பச்சையாவே விட்டுடலாம். விவசாய பூமியைக் காப்பாத்தணும்னு காலையில நீங்கதான் சொன்னீங்க."

பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி அரங்கு முழுவதும் பரவியது. சுவரோரத்துப் போலீஸ்காரரும் சிரித்தார். முன்வரிசைக்காரர் மறுபடி வாயைத் திறந்தபோது பெரிய சார் அவருடைய முழங்கையைப் பிடித்து உட்காரவைத்தார். ஆட்டம் எங்கே முடிந்தது என்று அவருக்குத் தெரியும். உள் சாலை இல்லாவிட்டால் அவருடைய கட்சிக்காரருக்கும் ஒன்றுமில்லை. முன்வரிசைக்காரரின் லாபமே பின்வரிசைக்குப் பாதையாகிவிட்டது.

கூட்டம் கலைந்து வராந்தாவுக்கு வந்தபோது பெரிய சார் காத்துக்கொண்டிருந்தார். என்ன சொல்வாரோ என்று இருந்தது. "இதை நீ காலையிலேயே சொல்லியிருந்தா நான் அந்த ஆளுகிட்டப் பீஸ் வாங்கியிருக்க மாட்டேன்" என்றார். அப்புறம், "முன்வரிசைக்காரனைப் பகைச்சுக்காதேன்னு சொன்னேன். நீ பகைச்சுக்கவும் இல்ல, விட்டுக்குடுக்கவும் இல்ல. எனக்கு இது தோணினதில்லம்மா" என்றார். எந்த அரசாணையும் எனக்குத் தராத சான்றிதழ் அது. வீட்டுக்குப் போய் என் கணவரிடம் திரும்பத் திரும்பச் சொல்லி அவரைச் சலிக்க வைத்தேன்.

அதன் பிறகு போன்கள் வந்தன. ஓய்வு பெறும் நேரத்தில் எதற்கு வம்பு என்று கேட்டவர்கள் உண்டு. தூரத்து ஊர் ஒன்றுக்கு என்னை மாற்றப் போவதாகக்கூடப் பேச்சு அடிபட்டது. மேலதிகாரி தாமதமாகிவிடும் என்று புலம்பினார். மனுவின் மேல் விசாரித்துச் செய்கிற திருத்தம் இது, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை என்று விதியைக் காட்டினேன். என் குறிப்பில் காலனி என்றோ, ஏழை என்றோ, பாவம் என்றோ ஒரு வார்த்தை எழுதவில்லை. நெடுஞ்சாலை, வாசல், டிரெய்லர் திரும்புகிற வளைவு, லாரி நிற்கிற இடம், இவைதான் முழுக் குறிப்பும். இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். இரக்கத்தை மனசில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள், ஆனால் கோப்பில் எழுதாதீர்கள். கோப்பில் இருக்கும் இரக்கத்தை யார் வேண்டுமானாலும் ஒரே வரியில் அடித்துவிடலாம். லாரி திரும்புகிற வளைவை யாராலும் அடிக்க முடியாது. வேறு மாவட்டத்துக்குப் போய்விடுவார்கள் என்று யாரைச் சொல்லிப் பயமுறுத்தினார்களோ அந்தக் கம்பெனிக்காரர்களுக்கே உள் சாலை ஏற்பாடு பிடித்துப்போனதுதான் வேடிக்கை. திருத்தத்தோடு திட்டம் நிறைவேறியது.

எல்லாம் இனிப்பாக முடிந்தது என்று எழுதினால் பொய். காலனியில் சில குடும்பத்தார் விசாரணைக்கு முன்பே அட்வான்ஸ் வாங்கி எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் வைத்தியச் செலவு, கல்யாணம், காத்திருக்க முடியவில்லை. அவர்களை நான் இன்றும் மறக்கவில்லை. ஆனால் பெரும்பாலானவர்கள் கெடு முடியும் வரை பொறுத்தார்கள். புரோக்கர் வரும்போதெல்லாம், கோடு இன்னும் முடிவாகவில்லை என்று பேச்சியம்மாள் அவனிடம் சட்டம் பேசினாராம்.

நான் ஓய்வு பெற்ற பிறகு உள் சாலை போட்டார்கள். ஒருநாள் பேச்சியம்மாளிடமிருந்து போன் வந்தது. மிச்சமிருந்தவர்கள் யாரும் நிலத்தை விற்கவில்லை, துண்டுகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து ஒரு கிட்டங்கிக் கம்பெனிக்கு நீண்ட காலக் குத்தகைக்கு விடுகிறோம், பத்திரம் பதிகிற அன்றைக்கு நீங்கள் வர வேண்டும் என்றார். எனக்கு அங்கே என்ன வேலை என்றேன். "வேலை பாக்கவா கூப்பிடுறேன்? சும்மா வந்து நில்லுங்கம்மா" என்றார். வில்லாபுரத்திலிருந்து பஸ் பிடித்துப் போனேன்.

பதிவு அலுவலகத்தில் அந்தச் சின்ன அறை நிறைந்துவிட்டது. நிலம் வைத்திருந்த காலனிக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். ஓர் ஆசிரியர், ஒரு பஸ் கண்டக்டர், பட்டாளத்திலிருந்து திரும்பியவர் ஒருவர், கிட்டங்கியில் பெட்டி அடுக்கும் சீருடையோடு அப்படியே வந்த சில பெண்கள். கம்பெனி ஆட்கள் நன்றாக உடுத்திக்கொண்டு ஒரு பக்கம் நின்றார்கள். மேசைக்குப் பின்னாலிருந்த இளைஞர் கூட்டத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சலித்துக்கொண்டார்.

"லேண்ட் ஓனர் மட்டும் உள்ள இருங்க. கூட வந்தவங்க எல்லாம் வெளிய போய் நில்லுங்க."

யாரும் நகரவில்லை. காது கேட்கவில்லையா என்பது போல அவர் மறுபடி சொன்னார், இந்த முறை சீருடையில் இருந்த பெண்களைப் பார்த்து. அவர்களும் நகரவில்லை.

"நாங்க அம்புட்டுப் பேரும் ஓனருதான் தம்பி" என்றார் பேச்சியம்மாள்.

அந்த இளைஞர் பத்திரத்தைப் புரட்டினார். பெயர்களைப் படித்தார், தலையைத் தூக்கி முகங்களைப் பார்த்தார், மறுபடி பெயர்களைப் படித்தார். கடைசியில் அவர் பார்வை என் மேல் வந்து நின்றது. நீங்கள் யார் என்று கேட்டார்.

நான் கூட வந்தவள் என்று சொல்லிவிட்டு வெளியே போனேன். அந்தக் கூட்டத்தில் வெளியே போக வேண்டியிருந்தது நான் ஒருத்திதான். எத்தனையோ ஊர்களில், எத்தனையோ மேடைகளில் எனக்கென்று நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்கள். அன்று அந்த வாசலில், வெயிலில், கதவுக்கு வெளியே நின்றபோது இருந்த பெருமை எனக்கு எந்த நாற்காலியிலும் இருந்ததில்லை.